அன்டெனாக் கோபுரத்துக்கு ஒரு கமரா: ஹாம் வானொலிக்குப் புதியவர்களுக்கு

கொழும்பிலிருந்து ஹாம் வானொலியில் லண்டனோடு கதைக்க வேண்டுமானால் அன்டெனாவை ஏறத்தாழ 320 பாகைக்கு, அதாவது வடமேற்காகத் திருப்ப வேண்டும். டோக்கியோவுக்கு 53 பாகை. மேசையில் இருக்கும் ரொட்டேட்டர் (அன்டெனாவைத் திருப்பும் மோட்டார்) பெட்டியின் முள் 320 என்று காட்டினால், அன்டெனாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அந்த முள் அளப்பது, மேலே உள்ள மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பதை மட்டும்தான். தென்மேற்குக் காற்று ஒரு இரவு முழுக்க அடித்து, கிளாம்ப் வழுக்கி, அன்டெனா ஐம்பது பாகை தனியே திரும்பியிருந்தாலும் முள் 320ஐத்தான் காட்டும். லண்டன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கிழக்கு ஆபிரிக்காவை நோக்கிக் கூவிக்கொண்டிருப்பீர்கள்.

கோபுரத்தில் கமரா என்ற யோசனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அப்புறம் மற்றத் தேவைகளும் சேர்ந்துகொள்ளும். அன்டெனாவின் நடுக்குழாயான பூமில் காகம் கூடு கட்டியிருக்கிறதா, இழுகம்பி தளர்ந்திருக்கிறதா, அன்டெனாவுக்குப் போகும் கேபிளின் டேப் கழன்று காற்றில் ஆடுகிறதா என்றெல்லாம் கீழேயிருந்தே பார்க்கலாம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒருவர் பெல்ட் கட்டி மேலே ஏற வேண்டியதில்லை. கோபுரம் ஏறுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ஆபத்தான பகுதி. ஒரு ஏற்றத்தைத் தவிர்த்தாலே கமராவின் விலை வந்துவிட்டது என்பேன்.

ஹாம் வானொலி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வார்த்தை. சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் பெற்று, வியாபார நோக்கமில்லாமல் தனியாட்கள் நடத்தும் வானொலி நிலையம் அது. இலங்கையில் அனுமதி தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நம் நாட்டு நிலையங்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். குற்றலைகளில் (ஷோர்ட்வேவ்) தொலைதூரம் கதைக்க விரும்புபவர்கள் யாகி அன்டெனாவை (பூமின் குறுக்கே எலிமென்ட் எனும் குழாய்களை வரிசையாகப் பூட்டிய, ஒரு திசையை நோக்கும் அன்டெனா) உயரத்தில் ஏற்றி, ரொட்டேட்டரால் திருப்புவார்கள். கொழும்பில் அந்தக் கோபுரம் பெரும்பாலும் நிலத்தில் நிற்காது. நிலம் எங்கே இருக்கிறது? வீட்டு மொட்டைமாடியில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் இரும்புச் சட்டமாக நிற்கும்.

சரி, கமரா வாங்கியாயிற்று. எங்கே பூட்டுவது?

கோபுரத்தில் வேண்டாம். குறைந்தது முதல் கமராவையாவது கோபுரத்தில் பூட்டாதீர்கள். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்த் தாங்கியின் பக்கத்திலோ வைத்து, கோபுரத்தைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள். உயரத்தில் பூட்டினால்தான் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். ஆனால் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கமராவுக்கு ஊர் நன்றாகத் தெரியும், தலைக்கு மேலே ஒரு மீட்டரில் இருக்கும் அன்டெனா பாதிதான் தெரியும். தள்ளி நின்று பார்த்தால்தான் முழு அன்டெனாவும் ஒரே படத்துக்குள் வரும்.

இன்னொன்று: நமக்கு வேண்டிய துல்லியம் மிகவும் குறைவு. மூன்று எலிமென்ட் யாகியின் கதிர் அகலம், அதாவது சிக்னல் பலமாகப் போகும் கோணம், சுமார் 60 பாகை. பத்துப் பாகை தவறினால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அது கேட்கவே கேட்காது. ஆக, படத்தைப் பார்த்து "வடமேற்கு மாதிரித்தான் இருக்கிறது" என்று சொல்ல முடிந்தால் போதும். 4கே கமரா எல்லாம் தேவையில்லை. சாதாரண 2 மெகாபிக்சல் கமரா தாராளம். காசு செலவழிக்க வேண்டிய இடம் லென்ஸ்.

கடைகளில் முதலில் கையில் தருவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கமரா. வாகனத் தரிப்பிடத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் அது நல்லது, ஏறக்குறைய 100 பாகை அகலத்தைப் பிடிக்கும். அதே அகலம்தான் இங்கே பிரச்சினை. 15 மீட்டர் தூரத்தில் உள்ள மூன்று மீட்டர் பூம், 1920 புள்ளி அகலமான படத்தில் சுமார் 220 புள்ளிகளுக்குள் சுருங்கிவிடும். மீதிப் படம் முழுக்க வானமும் அயலவர் வீட்டுச் சுவரும். 8 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 40 பாகையைத்தான் பிடிக்கும், பூம் 550 புள்ளி அளவுக்குப் பெரிதாகத் தெரியும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் லென்ஸைத் திருகிச் சரிசெய்யக்கூடிய வேரிஃபோக்கல் வகையைக் கேளுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் விளங்கும்.

திசையை எப்படி ஒத்துப்பார்ப்பது? கமராவைக் கோபுரத்துக்குத் தெற்கே வைத்து வடக்கு நோக்கித் திருப்புங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தாமரைக் கோபுரம் அங்கிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் தூரத்தில், ஓரிரு பாகை வித்தியாசத்தில் நேர் வடக்கே நிற்கிறது. 350 மீட்டர் உயரம். இடையில் உயர்மாடிக் கட்டடங்கள் மறைக்காவிட்டால், உங்கள் அன்டெனாவைத் தாங்கும் மாஸ்ட் குழாயும் தாமரைக் கோபுரமும் படத்தில் ஒரே கோட்டில் வரும்படி கமராவை நகர்த்தினால் போதும், படத்தின் நடுக்கோடு வடக்கு. அன்டெனா அந்தக் கோட்டோடு ஒத்து நிற்கும்போது ரொட்டேட்டர் பெட்டி 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஏதோ வழுக்கியிருக்கிறது. வேறு இடங்களில் இருப்பவர்கள் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, தங்கள் வீட்டுக்கு நேர் வடக்கே தெரியக்கூடிய ஏதாவது ஒரு கட்டடத்தைத் தேடிக்கொள்ளலாம். ஃபோன் திசைகாட்டியை மட்டும் இரும்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்து நம்ப வேண்டாம்.

வடக்கு நோக்க வேண்டும் என்பதற்கு வெயிலும் ஒரு காரணம். கமரா சற்று மேல்நோக்கிப் பார்க்கும், ஆகவே சூரியன் படத்துக்குள் வந்தால் அன்டெனா கறுப்பு நிழலாகிவிடும். நாளாந்தம் வெயில் நேரே விழுந்தால் லென்ஸுக்கும் நல்லதல்ல. இதற்கு வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் வழி, வடக்குப் பக்கம் பார்த்தால் சூரியன் வராது என்பது. அது அவர்கள் ஊர்க் கணக்கு. கொழும்பு வட அகலாங்கு 6.9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. ஆனாலும் ஜூன் மாதத்தில்கூட அது வடக்கில் 73 பாகைக்குக் கீழே இறங்காது. டிசம்பரில் தெற்கே 60 பாகை வரை இறங்கிவிடும். எனவே வடக்கு நோக்கிய, குறுகிய லென்ஸ் உள்ள கமராவின் படத்தில் மேல் விளிம்பு 60 பாகைக்குக் கீழே இருந்தால், ஆண்டு முழுக்க சூரியன் உள்ளே வராது. கிழக்கும் மேற்கும் பார்க்கவே கூடாது. மாலை வெயில் கடலிலிருந்து நேராக லென்ஸுக்குள் விழும்.

இன்னொரு சின்னத் தொல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் யாகியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரித்தான் தெரியும். 320 பாகையா, 140 பாகையா என்று படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அன்டெனாவை ஏற்றுவதற்கு முன்பே பூமின் முன்நுனியில் லொறிகளின் பின்னால் ஒட்டும் ஒளித்தெறிப்பு டேப்பைச் சுற்றிவிடுங்கள். பகலில் நிறத்தால் தெரியும். இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்கு பட்டதும் பளிச்சென்று மின்னும். அந்த விளக்கொளி மெல்லிய அலுமினியக் குழாய்களைக் காட்டத் திணறும், ஆனால் டேப்பைத் தவறவிடாது. எலிமென்ட்களில் ஒட்ட வேண்டாம், பூமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலருக்குக் கோபுரத்திலேயே கமரா வேண்டியிருக்கும். மொட்டைமாடி சின்னது, தள்ளி வைக்க இடமில்லை. அல்லது மழைமேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மேலேயிருந்து பார்க்க ஆசை. தவறில்லை. ஆனால் அதற்கு முன் கேபிளைப் பற்றி விளங்கிக்கொள்ள வேண்டும். கோபுரக் கமராவின் எல்லாச் சங்கடமும் கேபிளில்தான் இருக்கிறது.

கமராவிலிருந்து கோபுர அடிவரை பத்து மீட்டர் கேபிள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹாம்களின் அலைவரிசைகளில் (பேண்ட்) ஒன்றான 40 மீட்டரில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், கால் அலைநீளம் என்பது ஏறக்குறைய பத்தரை மீட்டர். நீங்கள் தொங்கவிட்டது வெறும் கேபிள் அல்ல, அளவெடுத்து வெட்டிய ஓர் அன்டெனா. அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். கமராவும் அதன் மின்வழங்கியும் உண்டாக்கும் இரைச்சலை வெளியே வீசும், உங்கள் யாகி அதைக் கேட்கும். நீங்கள் ஒலிபரப்பும்போது 100 வாட் சக்தியின் ஒரு பங்கை இழுத்துக் கமராவுக்குள் கொண்டுபோகும்.

முதலில் இரைச்சல். மூன்று இடங்களிலிருந்து வரும். பெரியது மின்வழங்கி. கமராவோடு தரும் சின்னக் கறுப்பு அடாப்டர் 230 வோல்ட்டை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி 12 வோல்ட் ஆக்குகிறது. அந்த வெட்டின் எதிரொலிகள் குற்றலைகள் முழுக்கப் பரவும். ஒரு சின்ன ஏஎம் ரேடியோவைக் கையில் எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, அடாப்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். "ஙீ" என்று கத்தினால் அந்த அடாப்டரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ட்ரான்ஸ்ஃபோர்மர் உள்ள பாரமான பழைய வகை மின்வழங்கி இந்தச் சத்தம் போடாது. அதைவிட நல்லது, ரேடியோ அறையில் ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் பற்றரி. 2022 மின்வெட்டுக் காலத்தில் பற்றரி வாங்கி வைக்காத வீடு எது? கரண்ட் போனாலும் கமரா நிற்காது என்பது மேலதிக லாபம்.

இரண்டாவது, நெட்வேர்க் கேபிள். 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு, படம் போனாலும் போகாவிட்டாலும் ஓயாமல் குறியீடுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏற ஆளில்லாத போதும் என்ஜினை அணைக்காமல் தரிப்பிடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் தனியார் பஸ் மாதிரி. அதனால் படத்தின் தரத்தைக் குறைத்தால் இரைச்சல் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 14.030, 21.052 மெகாஹெர்ட்ஸ் அருகே மெல்லிய விசில் மாதிரிக் கேட்டால், அது உங்கள் வீட்டு நெட்வேர்க் கருவிகளாக இருக்கலாம் என்பது ஹாம்கள் மத்தியில் பழைய செய்தி. மோர்ஸில் தூர நாடுகளைத் தேடுபவர்கள் காது வைத்திருக்கும் இடமும் அதுதான், அதனால்தான் எரிச்சல். மூன்றாவது, கமராவின் உள்ளே ஓடும் கணினிச் சில்லுகள். உலோக உடல் உள்ள கமரா இதைப் பெரும்பாலும் அடக்கிவிடும், பிளாஸ்டிக் உடல் அடக்காது.

இவற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது? உறை போட்ட, வெளிப்புறப் பாவனைக்கான கேட்5ஈ அல்லது கேட்6 கேபிளை எடுங்கள். வெள்ளை நிற வீட்டுக் கேபிள் நம் வெயிலில் தோல் வெடித்துவிடும். அந்த உலோக உறையைக் கோபுரத்தின் உச்சியிலும் அடியிலும் இரும்போடு சேர்த்துப் பூட்டுங்கள். கேபிளைக் கோபுரத்துக்கு வெளியே தொங்கவிடாமல், சட்டத்தின் உட்பக்கமாக, ஒரு காலோடு ஒட்டி இறக்குங்கள். இவ்வளவிலேயே பாதிச் சனியன் போய்விடும்.

மீதிக்கு ஃபெரைட். கம்பியின் வெளிப்பக்கமாக ஓடும் அநாவசிய மின்னோட்டத்துக்குத் தடையாக நிற்கும் கறுப்பு வளையம் இது. கணினிக் கேபிள்களில் குமிழ் மாதிரி இருப்பதும் இதுவே. குற்றலைகளுக்கு 31 என்ற கலவை நல்லது. 43 என்பதும் கிடைக்கும், அது சற்று உயர்ந்த அதிர்வெண்களுக்குப் பொருந்தும். கடையில் "ஃபெரைட்" என்று மட்டும் கேட்டால் எந்தக் கலவை என்று தெரியாத ஒன்றைத் தருவார்கள். கலவை எண் முக்கியம். அதைவிட முக்கியம் சுற்று எண்ணிக்கை. கேபிளில் ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது வழமை. கேபிள் ஒரு தடவை மட்டும் உள்ளே போனால் கிடைக்கும் தடை குற்றலைகளில் மிகச் சிறிது. சுற்றைக் கூட்டினால் தடை அதன் வர்க்கமாகக் கூடும். இரண்டு சுற்றுக்கு நான்கு மடங்கு, ஐந்து சுற்றுக்கு இருபத்தைந்து மடங்கு. ஓரளவுக்கு மேல் இந்தக் கணக்கு நிற்காது, ஆனால் பத்துச் சுற்று வரை சுற்றத் தயங்க வேண்டாம். எஃப்டி240-31 என்ற பெரிய வளையத்தில் நுனியில் ஆர்ஜே45 நெட்வேர்க் பிளக் குத்துவதற்கு முன் கேபிளைச் சுற்றிவிட வேண்டும், பிறகு பிளக்கோடு உள்ளே விடுவது சிரமம். ஒரு வளையம் கமராவுக்குப் பக்கத்தில், இன்னொன்று கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில்.

ஒலிபரப்பும்போது கமரா படும் பாடு வேறு வகை. பட்டனை அழுத்தியதும் படம் உறையும், கமரா தானாக அணைந்து மீண்டும் எழும்பும், சுழலும் கமராவாக இருந்தால் பேய் பிடித்த மாதிரி வானத்தைப் பார்க்கும். பழைய அனலொக் கமராக்களில் காரணம் நேரடியாகவே விளங்கும். அவற்றின் வீடியோ சிக்னல் பூச்சியத்திலிருந்து சுமார் 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். நீங்கள் 1.8 அல்லது 3.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் அது நேரே படத்துக்குள் போய் விழும், திரை முழுக்கச் சாய்வுக் கோடுகள். புதிய எச்டி அனலொக் கமராக்கள் இன்னும் அகலமான இடத்தைப் பிடிப்பதால் மேல் பேண்ட்களுக்கும் தப்பாது. விலை மலிவு என்று யாராவது அனலொக் செட்டைத் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள். நெட்வேர்க் கேபிளில் படம் அனுப்பும் ஐபி கமராவில் கோடு வராது. தாங்கும்வரை தாங்கி, முடியாதபோது ஒரேயடியாக விழும். மேலே சொன்ன ஃபெரைட்டும் உறையும்தான் இதற்கும் மருந்து.

மின்சாரத்தையும் அதே நெட்வேர்க் கேபிளில் அனுப்பும் பிஓஈ முறையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரே கேபிள், 100 மீட்டர் வரை போகும், சாதாரண வகையில் கமராவுக்கு 12.95 வாட் கிடைக்கும், போதும். சுமார் 48 வோல்ட்டில் போவதால் வழியில் இழப்பும் குறைவு. அதே கமராவுக்கு நெட்வேர்க் கேபிளின் ஒரு சோடியில் நேரே 12 வோல்ட் அனுப்பினால் 20 மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போய்விடும், இரவில் விளக்கு எரியும் நேரம் பார்த்துக் கமரா மயங்கும். ஆனால் பிஓஈ கமராவுக்குள் 48 வோல்ட்டை இறக்கும் ஒரு வெட்டுச் சுற்று உண்டு, அதுவும் சத்தம் போடக்கூடும். என்னுடைய விருப்பம் பிஓஈ, நல்ல ஃபெரைட்டோடு. கேபிளுக்குள் மின்சாரம் ஏற்றும் இன்ஜெக்டர் பெட்டி மட்டும் மலிவானது வேண்டாம்.

இதெல்லாம் தொல்லைகள். மின்னல் ஆபத்து.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கொழும்பு வானம் எப்படிக் கறுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பருவமழைகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்கள்தான் இங்கே இடிமின்னலின் உச்சக் காலம். கோபுரத்தில் மின்னல் விழும்போது, நல்ல எர்த் இருந்தாலும், ஒரு கணம் முழுக் கோபுரமும் வீட்டு வயரிங்கைவிடப் பல்லாயிரம் வோல்ட் உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே பாலமாக ஒரு நெட்வேர்க் கேபிள் இருந்தால் அந்த வித்தியாசம் அதன் வழியே ஓடும்: கமரா, ரவுட்டர், கணினி, ரவுட்டரோடு இணைந்த தொலைக்காட்சி. அன்டெனாக் கேபிளை மின்னலுக்கு முன் கழற்றி வைக்கும் பழக்கமுள்ள ஹாம்கூட கமராக் கேபிளை மறந்துவிடுவார். அது ஹாம் சாமான் அல்ல, இன்டர்நெட் சாமான் என்று மனம் வேறாகப் பிரித்து வைத்திருக்கும்.

திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் சேர்ஜ் தடுப்பான்களைக் கோபுர அடியிலும் வீட்டு நுழைவிலும் போடலாம். ஆனால் அவை இரண்டும் கோபுரத்தின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால்தான் பயன். தனித்தனி எர்த் கம்பி அடித்துவிட்டு நடுவில் தடுப்பான் போடுவது ஏமாற்று வேலை. ஃபைபர் கேபிள்தான் உண்மையான தீர்வு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரைச்சலையும் வீசாது, ஒலிபரப்புச் சக்தியையும் இழுக்காது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரே அடியில் மூன்று தலைவலியும் போகும். கோபுர அடியில் ஒரு நீர்புகாப் பெட்டிக்குள் சின்னப் பற்றரியும் ஃபைபர் மாற்றியும், வீட்டுக்குள் இன்னொரு மாற்றி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வீட்டு இணைப்புக்காக விற்கும் பல ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக ஒரு உருக்குக் கம்பி பக்கத்திலேயே ஓடும். அதை உரித்து எடுக்காமல் போட்டால் கண்ணாடி போட்டும் பயனில்லை. பெட்டியில் உள்ள பற்றரிக்கும் வீட்டிலிருந்து நிரந்தர வயர் இழுக்கக் கூடாது. சின்ன சூரியத்தகடு, அல்லது வேண்டும்போது கொண்டுபோய் சார்ஜ் பண்ணுவது.

வைஃபை கமரா போடலாமே என்பீர்கள். போடலாம். சொந்தச் சூரியத்தகடும் பற்றரியும் உள்ளேயே இருக்கும் வகையென்றால் நீளமான கம்பியே கிடையாது, ஆகவே இரைச்சலும் மின்னல் பாலமும் இல்லை. கைப்பிடிச் சுவரில் வைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அதன் குறை, பற்றரியைச் சேமிக்க எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், செயலியைத் திறந்தால்தான் விழிக்கும். அன்டெனா எந்தப் பக்கம் என்று பார்க்க அது போதும். கொங்கிறீட் தட்டு இரண்டைத் தாண்டி மொட்டைமாடிக்கு வைஃபை போகிறதா என்று முதலில் ஃபோனை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஹாம்களுக்கு உதவும் கியூஓ-100 செயற்கைக்கோளைப் பாவிப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். கொழும்பிலிருந்து மேற்கு வானில் அடிவானத்துக்கு மேலே 28 பாகை அளவில் நிற்கும் அதற்கு 2400 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்ப வேண்டும், வைஃபையின் முதலாம் சனல் 2412இல் இருக்கிறது. நீங்கள் கதைக்கும்போதெல்லாம் கமரா செவிடாகிவிடும். (அந்தச் செயற்கைக்கோள் நிற்கும் புவிநிலைப் பாதையைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க் பிற்பாடு கொழும்பிலேயே வாழ்ந்தார் என்பது தெரிந்ததே.)

கடற்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கமராப் பெட்டியில் ஐபி66, ஐபி67 என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். அது தூசிக்கும் தண்ணீருக்குமான தரம். உப்பைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை கரையோர ரயில் பாதையை ஒட்டி இருப்பவர்களுக்குக் கறள் எவ்வளவு விரைவில் வரும் என்று தெரியும். பிராக்கெட்டோடு வரும் திருகாணிகளை வீசிவிட்டு 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு நட்டு போல்ட் போடுங்கள். 304 என்பது மலிவு, கடலோரத்தில் அதுவும் புள்ளி புள்ளியாகக் கறள் பிடிக்கும். தண்ணீர் கமராவுக்குள் நுழைவது பெரும்பாலும் லென்ஸ் வழியாக அல்ல, பின்னால் வால் மாதிரித் தொங்கும் கேபிள் இணைப்பு வழியாக. அந்த இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிளை ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும்.

அப்புறம் சிலந்தி. இரவில் அகச்சிவப்பு விளக்கு பூச்சிகளை இழுக்கும், பூச்சிகள் சிலந்தியை இழுக்கும், அது லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும். காலையில் பார்த்தால் படத்தில் அன்டெனா இல்லை, வெள்ளை நூல்கள்தான். விளக்கை எப்போதும் எரியவிடாமல், தேவைப்படும்போது மட்டும் செயலியில் போட்டுப் பாருங்கள். இதற்கு வேறு மருந்து சொல்பவர்கள் உண்டு, எல்லாம் ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

கொழும்பில் கமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருடையதோ ஒரு ஜன்னல் இருக்கும். பக்கத்துத் தொடர்மாடியிலிருந்து "தம்பி, உங்கட கமரா எங்கட பல்கனியைப் பார்க்குதோ?" என்று ஒரு அன்ரி கேட்கத்தான் போகிறார். "இல்லை அன்ரி, அது அன்டெனாவைத்தான் பார்க்குது, வாங்கோ ஃபோனில காட்டுறன்" என்று சொல்லக்கூடிய நிலையில் இருங்கள். ஏறக்குறைய எல்லா ஐபி கமராக்களிலும் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. ஜன்னல் வரும் மூலைகளை முதல் நாளே மறைத்துவிடுங்கள். கோபுரத்தைப் பார்த்து ஏற்கெனவே முணுமுணுக்கும் அயலவரிடம் இது பெரிய நல்ல பெயர் வாங்கித் தரும்.

கமராவோடு வரும் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்களை முடக்கியது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் (வெளியார் நுழையும் வழியை) திறந்துவிடாதீர்கள், விபிஎன் எனும் பூட்டிய தனிவழி போட்டு உள்ளே வாருங்கள். வாங்கும்போது ஓன்விஃப் (எல்லா நிறுவனக் கமராக்களுக்குமான பொது இணைப்பு முறை) ஆதரவு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அந்த நிறுவனத்தின் செயலியை நம்பியிருக்காமல், ரேடியோ அறைக் கணினியிலேயே எந்த மென்பொருளிலும் படத்தைப் பார்க்கலாம்.

கடைசியாகக் கமராவின் மணிக்கூடு. ஹாம்கள் பதிவேட்டில் எழுதுவது யூடிசி எனும் உலகப் பொது நேரம், இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கமராவையும் யூடிசியில் வைத்தால், அன்டெனா எப்போது திரும்பியது, காற்று எப்போது அடித்தது என்று பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வசதி. வீட்டில் மற்றவர்களும் அதே கமராவில் வாசலையோ மொட்டைமாடி உடுப்புக் கொடியையோ பார்ப்பார்களானால் உள்ளூர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். பின்னேரம் ஐந்தரைக்குத் திரையில் 12.00 என்று கண்டால் கமரா பழுது என்றுதான் சொல்வார்கள்.